பனிநிலை மைனஸ் பதினான்கு

டிசம்பர் 3, செவ்வாய்

காலை 5.40க்கு விழிப்பு. வெளியே 9 டிகிரி. ஓமன் பாலைவனம் என்றால் எப்போதும் கொதிக்கும் என்று நினைத்து ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதில் இதை முன்கூட்டி விசாரித்திருக்க வேண்டும்.

வேலையைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைக்கிறேன்; மறதி வருகிறது. இந்த நிலையத்தில் இயற்கை எரிவாயுவைச் சுத்தம் செய்யும்போது அமில வாயு மிஞ்சுகிறது. மூன்றில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீதி கரியமில வாயு. இரண்டு மூச்சில் ஆளைக் கொல்லக்கூடியது. அதைப் பதினான்கு கிலோமீட்டர் இரும்புக் குழாயில் எண்ணெய் வயலுக்கு அனுப்பி, அங்கே அழுத்தி, நிலத்துக்கடியில் செலுத்துகிறார்கள். பாறை இடுக்கில் தங்கிப்போன எண்ணெயை அது இளக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரே நிபந்தனை, குழாய்க்குள் போகுமுன் அதிலுள்ள தண்ணீரை எடுத்துவிட வேண்டும். காய்ந்த நிலையில் அது இரும்பை ஒன்றும் செய்யாது. ஈரம் சேர்ந்தால் உள்ளிருந்தே தின்னும்.

தண்ணீரை எடுப்பது கிளைக்கால் என்ற பிசுபிசுப்பான திரவம். ஒரு கோபுரத்தில் கிளைக்கால் மேலிருந்து வழிய, வாயு கீழிருந்து ஏறும். கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு அதைக் காய்ச்சித் தண்ணீரை ஆவியாக்கிவிட்டு மறுபடி கோபுரத்துக்கு அனுப்புவார்கள்.

ஜனவரி 10 முதல் வாயுவின் அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டப்போகிறார்கள். அதற்கு முன் ‘வாயு போதிய அளவு காய்ந்திருக்கிறது’ என்று வெளியாள் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்த வெளியாள் நான். ஓய்வு பெற்று எட்டு வருடமானவனை ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. வேறு ஆள் கிடைத்திருக்காது.

தாடி 16.1 செ.மீ.

டிசம்பர் 4, புதன்

மருத்துவ அறையில் முகமூடிச் சோதனை. சிவப்புக் கோட்டுக்கு அப்பால் போகிறவர் எல்லாரும் முதுகில் காற்று உருளையும் முகத்தில் மூடியும் அணிய வேண்டும். மூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்ட வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. செவிலியர் என் தாடியைப் பார்த்துவிட்டுப் படிவத்தை நீட்டினார். ‘தோல் ஒவ்வாமை, சவரம் செய்ய இயலாது’ என்று எழுதினேன். ‘அலுவலக வேலை மட்டும்’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

எனக்கு அது போதும். கணக்குப் பார்ப்பதற்கு எதற்கு முகமூடி?

டிசம்பர் 5, வியாழன்

சோதனைக்கூட ஊழியர் நைனா முகம்மது வந்து அறிமுகம் செய்துகொண்டார். ராமநாதபுரம் பக்கம் பனைக்குளம். நாற்பத்தொரு வயது. இந்த முகாமில் இருநூற்று முப்பது பேரில் தமிழ் பேசுகிறவர் நாங்கள் இரண்டு பேர்தான் என்றார்.

“நாகர்கோவிலா சார்? அப்ப நீங்க பேசுறது எனக்குப் பாதிதான் வெளங்கும்.”

“நீங்க பேசுகது எனக்கு முக்கால்வாசி வெளங்குது.”

“அப்ப லாபம் உங்களுக்குத்தான்.”

பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். பித்தான் ஒன்று தைத்தேன். தங்கை உமையாள் ஊரிலிருந்து பேசினாள். சாப்பாடு, குளிர், முட்டுவலி. பேச்சோடு பேச்சாக என் மகனைப் பற்றி, “குமரேசன் ஓசூர்லதான் இருக்கானாம். நீங்க கூப்பிடாண்டாம் அண்ணே. அவனுக்கு உங்ககிட்ட பேச இஷ்டமில்ல. கொஞ்சநாள் போட்டும்” என்றாள். சரி என்றேன். போன மாதமும் இதையே சொன்னாள். மச்சினன் மாதேவனும் இதையேதான் சொல்கிறான்.

டிசம்பர் 11, புதன்

பதிவேடுகள் வந்தன, நான்கு மாதத்துக்கானவை. பனிநிலை என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும். வாயுவைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் முதல் ஈரம் படிகிறதோ அதுவே பனிநிலை. எண் இறங்க இறங்க வாயு அதிகம் காய்ந்தது. இங்கே மைனஸ் 10க்குக் கீழே இருக்க வேண்டும்.

இரண்டு வகையில் அளக்கிறார்கள். ஈரமானி என்ற கருவி இடைவிடாமல் அளக்கிறது. நைனா காலை ஏழுக்கும் மாலை மூன்றுக்கும் கையால் அளக்கிறார். ஈரமானி மைனஸ் 14. கை அளவும் மைனஸ் 14. மறுநாள் மைனஸ் 13.5, மைனஸ் 13.5. நான்கு மாதமும் இப்படியே. இரண்டு தனித்தனி அளவுகள் இவ்வளவு ஒத்துப்போனால் மூன்றாவது தேவையில்லை என்று முன்பு ஒருமுறை முடிவு செய்திருக்கிறேன்.

டிசம்பர் 14, சனி

இரண்டு நாளாக எழுதவில்லை. கணக்கு ஒன்று பிடித்துக்கொண்டது.

கோபுரத்துக்குள் வாயு எவ்வளவு தண்ணீரோடு நுழைகிறது என்று அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிடலாம். பனிநிலை மைனஸ் 14 என்றால் வெளியே போகும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதும் தெரியும். வித்தியாசம் கிளைக்காலில் இருக்க வேண்டும். கிளைக்காலைக் காய்ச்சினால் அந்தத் தண்ணீர் தொட்டியில் சேர வேண்டும். கணக்குப்படி நாளொன்றுக்கு 4,100 லிட்டர். தொட்டி அளவுப்படி 3,720.

380 லிட்டர் எங்கே?

டிசம்பர் 15, ஞாயிறு

மறுபடி கணக்கிட்டேன். 4,090. ஒருவேளை சாதாரண எரிவாயுவுக்கான அட்டவணையைப் பார்த்துவிட்டேனோ? இல்லை, அமில வாயுவுக்கானதுதான்.

டிசம்பர் 16, திங்கள்

4,110.

டிசம்பர் 18, புதன்

நூற்றுக்குப் பத்துதான் குறைகிறது. தொட்டியின் அளவுகோல் பிசகாக இருக்கலாம். ஓட்டமானி பிசகாக இருக்கலாம். நான் பிசகாக இருக்கலாம். அதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆனால் 380 லிட்டரும் வாயுவிலேயே தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு பார்த்தால் பனிநிலை மைனஸ் 14 அல்ல. பிளஸ் 8. இன்று காலை வெளியே 6 டிகிரி. குழாய் தரைக்கு மேலேதான் போகிறது. அப்படியானால் கோடையில் ஒன்றும் நடக்காது. இந்த மாதத்தில் தினமும் அதிகாலையில் குழாய்க்குள் பனி படியும். படிந்தது வழிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். வரைபடத்தில் தாழ்வான இடம் ஒன்றே ஒன்று, ஒன்பதாவது கிலோமீட்டரில் குழாய் வாதியைக் கடக்கும் இடம். மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓடையை இங்கே வாதி என்கிறார்கள். அதிலிருந்து நானூறு மீட்டரில் சாலைப் பணியாளர் கூடாரம். அறுபது பேர்.

இதை எழுதும்போது கை சற்று வேகமாகப் போகிறது. நிதானம் தேவை.

டிசம்பர் 20, வெள்ளி

விடுமுறை. நைனா உணவுக்கூடத்திலிருந்து இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். அவர் மகள் எட்டாம் வகுப்பு. கணக்கில் நூறு வாங்கிய தாளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். காட்டினார். வழிமுறை சரியா என்று முழுத்தாளையும் பார்த்தேன். ஒரு படியை விட்டிருந்தாள். சொல்லவில்லை.

“சாருக்குப் பிள்ளைங்க?”

“ஒருத்தன். ஓசூர்ல.”

“தினம் பேசுவாரா?”

தண்ணீர் குடித்தேன். “வேலை ஜாஸ்தி” என்றேன்.

“தாடி என்ன சார், நேத்திக்கடனா?”

தோல் ஒவ்வாமை என்றேன். என் முகத்தையே ஒரு நொடி பார்த்துவிட்டு, “எங்க ஊருலயும் நெறயப் பேருக்கு அந்த ஒவ்வாமை உண்டு சார். ஏர்வாடி தர்காவுக்குப் போயிட்டு வந்தா சரியாயிரும்” என்றார்.

டிசம்பர் 24, செவ்வாய்

நிலையத் தலைவர் கல்ஃபான் அழைத்தார். முப்பத்தெட்டு வயது இருக்கும். மரியாதையானவர். காவா என்ற அரபுக் காப்பியைத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்து, கையெழுத்து எப்போது என்று கேட்டார். 380 லிட்டரைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஈரமானி சரி என்கிறது. கை அளவும் சரி என்கிறது. உங்கள் கணக்கு மட்டும் இல்லை என்கிறது. நீங்கள் தவறாக இருக்கலாம், இல்லையா?”

“இருக்கலாம்.”

“எவ்வளவு வாய்ப்பு?”

“பாதிக்குப் பாதி” என்றேன். வெளியே வந்த பிறகுதான், அப்படிச் சொன்னதைக் கேட்டு யாரும் எதையும் நிறுத்தமாட்டார்கள் என்று உறைத்தது.

டிசம்பர் 27, வெள்ளி

நைனா வந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

கருவிப் பிரிவின் பழைய பராமரிப்பு ஏட்டை வாங்கிப் பார்த்தேன். ஆகஸ்ட் 11ஆம் தேதி ஒரு வரி: ‘ஈரமானி பிளஸ் 7 காட்டியது. கை அளவு மைனஸ் 14. ஈரமானி திருத்தப்பட்டு, கை அளவோடு ஒத்துப்போகச் செய்யப்பட்டது.’

அன்றிலிருந்து மாதந்தோறும் முதல் வாரம் அதே திருத்தம்.  இரண்டு சாட்சிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவன் சொன்னதை மற்றவன் மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறான். மொத்தமும் நைனாவின் கையில் நிற்கிறது.

ஆகஸ்ட் 11க்கு முந்தைய வாரத்தில் இன்னொரு வரி. ‘வாயு தேவைக்கு மேல் காய்ந்திருப்பதால், எரிபொருள் மிச்சத்துக்காகக் கிளைக்கால் காய்ச்சும் வெப்பம் 204இலிருந்து 185 ஆகக் குறைக்கப்பட்டது.’

அவர் உண்மையில் அளக்கிறாரா, அல்லது நிழலில் உட்கார்ந்து எண்களை எழுதுகிறாரா? இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. 20ஆம் தேதி அவர் கொண்டுவந்த தட்டில் எனக்கென்று தனியாக ரசம் இருந்தது. சமையல்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறார்.

டிசம்பர் 31, செவ்வாய்

கையெழுத்து போடாமல் ஊருக்குப் போய்விடலாம் என்று யோசித்தேன். உடல்நிலை என்று காரணம் சொல்லலாம். வேறொருவர் வருவார், பதிவேட்டைப் பார்ப்பார், போடுவார்.

உணவுக்கூடத்தில் நைனா தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். என்னைப் பார்த்துக் கை தூக்கினார். நானும் தூக்கினேன்.

ஜனவரி 1, புதன்

தாடி 17.3 செ.மீ.

ஜனவரி 2, வியாழன்

கல்ஃபானிடம் சோதனையை வேறு ஒருவர் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். அந்தக் கருவியைக் கையாளத் தெரிந்த இன்னொருவர் பிப்ரவரியில்தான் விடுப்பிலிருந்து வருகிறாராம். “உங்களுக்குத் தெரியுமே. நீங்களே செய்யுங்கள்” என்றார். என் தாடியைப் பார்த்துவிட்டு, “மன்னிக்கவும், மறந்துவிட்டேன்” என்றார்.

கடையில் சவரக்கத்தி ஒரு பாக்கெட் வாங்கினேன். ஐந்து கத்திகள். மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 4, சனி

உண்மையை எழுதாத நாட்குறிப்பினால் என்ன பயன்.

என் மனைவி செண்பகத்துக்கு வயிற்றுவலி என்று தொடங்கியபோது ஸ்கேன் எடுத்தோம். ‘இயல்பு’ என்று வந்தது. வலி போகவில்லை. வேறொரு இடத்தில் மறுபடி எடுத்தோம். இயல்பு. குமரேசன் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நின்றான். இரண்டு அறிக்கையும் ஒன்றாக இருக்கும்போது எதற்கு மூன்றாவது என்றேன். “அம்மா மொகத்தப் பாருங்கப்பா, பேப்பரையே பாக்காதீங்க” என்றான். நான் பேப்பரைத்தான் பார்த்தேன். இரண்டாவது இடத்தில் எழுதிய டாக்டர் முதல் அறிக்கையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்பது எனக்குத் தெரியும். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

பதினோரு வாரத்தில் போய்விட்டாள். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் குமரேசன் இலைக்கு உட்காராமல் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அந்த வாரமே நான் திருச்செந்தூர் போனேன். கோயிலுக்கு அதிகம் போகிறவனில்லை. அவன் பேசும்வரை சவரம் செய்வதில்லை, பேசியதும் வந்து முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எம்.டெக். படித்தவன் சொல்லக்கூடிய விஷயமா?

பதினான்கு மாதம் ஆயிற்று.

இப்போது எடுத்துவிட்டால் அவன் பேசாமலே போய்விடுவான் என்று இருக்கிறது. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதும் தெரியும். ஒன்பதாவது கிலோமீட்டரில் அறுபது பேர் இருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் உண்டு.

ஜனவரி 5, ஞாயிறு

காலை 6.10 முதல் 6.50 வரை. முதலில் கத்தரிக்கோல், பிறகு கத்தி. இரண்டு கத்தி மழுங்கிப்போயிற்று. முடியைப் பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, மேலே எழுதினேன்: 17.4 செ.மீ., ஜன. 5, திருச்செந்தூர்.

கண்ணாடியில் என் அப்பா நின்றார். அவர் இத்தனை பயந்த முகத்தோடு இருந்து நான் பார்த்ததில்லை.

செவிலியர் ஒன்றும் கேட்கவில்லை. ரத்த அழுத்தம் எல்லைக்குள். முகமூடி ஒட்டியது.

நைனா கதவருகில் நின்று வாயைப் பொத்திக்கொண்டார். “சார்! உங்களுக்கு வாய் இருக்குறதே இப்பத்தான் தெரியுது.” பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒவ்வாமை போயிருச்சா சார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“போகல்ல. நாளைக்குக் காலையில உம்ம கூட உள்ள வாறேன்.”

அவர் முகம் மாறியது. நான் கவனித்தேன். அவர் நான் கவனித்ததைக் கவனித்தார்.

ஜனவரி 6, திங்கள்

விவரமாக எழுத வேண்டும்.

7.05. வெளியே 5 டிகிரி. முதுகில் உருளை, எடை பதினோரு கிலோ. முகமூடிக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே போனால் பேச முடியாது, கைச்சாடைதான்.

அளவுக்கூடம் ஒரு தகரக் கொட்டகை. கோபுரத்திலிருந்து வரும் சிறு குழாயில் அந்தக் கருவி. சின்ன அறை ஒன்று, அதற்குள் மெருகேற்றிய கண்ணாடி வில்லை, வில்லையைக் குளிர்விக்க ஒரு குழல், பார்ப்பதற்கு ஒரு துளை. முன்னால் ஒரு வால்வு, பின்னால் ஒன்று. வாயு முன் வால்வு வழியாக வந்து கண்ணாடியைத் தடவிப் பின் வால்வு வழியாக, கழிவு வாயுவை எரிக்கும் எரிகோபுரத்துக்குப் போகிறது.

நைனா நிஜமாகவே அளக்கிறார். முதலில் அதை எழுதிவிடுகிறேன். ஒரு படியையும் விடவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், வெப்பமானியைச் சரிபார்த்தார், துளையில் கண்ணை வைத்து அசையாமல் நின்றார். நான் அவரைச் சந்தேகித்தேன்.

அளக்குமுன் பின் வால்வை முழுக்கத் திறந்தார். முன் வால்வை ஒரு மயிரிழை திறந்தார். திறந்ததும் கையை உடனே எடுத்துக்கொண்டார்.

அங்கேயே புரிந்துவிட்டது. முறை இதற்கு நேர் எதிர். முன் வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பின் வால்வைத்தான் மயிரிழை திறக்க வேண்டும். அப்போதுதான் குழாயில் இருக்கும் அதே அழுத்தம் கண்ணாடியின் மேலும் இருக்கும். முன்னால் மூடிப் பின்னால் திறந்தால் அழுத்தம் ஆறில் ஒரு பங்காகிவிடும். அழுத்தம் குறைந்த வாயு இன்னும் அதிகம் குளிர்ந்தால்தான் பனி காட்டும். ஈரமான வாயுவும் காய்ந்ததுபோல் நடிக்கும்.

வழக்கம்போல் மைனஸ் 14 வந்தது. பலகையில் எழுதிக் காட்டினார். நான் அவர் தோளைத் தொட்டு விலகச் சொல்லி, பின் வால்வை இறுக்கினேன். முன் வால்வில் கை வைத்தேன். நைனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. முகமூடிக்குள் அவர் கண்கள் பெரிதாக இருந்தன. நானும் பயந்துதான் இருந்தேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். பிறகு அவராகக் கையை எடுத்துக்கொண்டார்.

முழுக்கத் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. லேசாகச் சீறியது, அடங்கியது.

குளிர்விப்பு. 20, 16, 12, 10. ஒன்பதில் ஓரத்தில் மங்கல். எட்டில் கண்ணாடி முழுக்க வெள்ளை.

பிளஸ் 8. மூன்று முறை எடுத்தேன். 8, 8.5, 8. நைனாவைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, பலகையில் எழுதியிருந்த மைனஸ் 14ஐக் கையுறையாலேயே அழித்தார்.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். பிறகு சொன்னார். “மூணு வருசத்துக்கு முன்ன வேற எடத்துல வேல பாத்தேன் சார். கூட நின்ன ஆளு, இதே மாதிரி வால்வு, இணைப்பு புட்டுக்கிட்டு அடிச்சிருச்சு. ரெண்டு மூச்சுதான். பத்தடில விழுந்து கெடக்குறாரு, நான் மூடி போட்டுருக்கேன், அவரு போடல. அதுலேருந்து முன் வால்வத் தொட்டாலே கை கேக்காது. கொஞ்சமாத் தொறந்தாப் போதும்னு நெனச்சேன். வாயு வந்தாச் சரிதானேன்னு.”

“செய்முறைத் தாளில என்ன போட்டிருக்கு?”

“‘வால்வுகளைத் திறந்து, வாயுவை மெல்ல ஓடவிடவும்’. அவ்வளவுதான் சார். எதை, எவ்வளவுன்னு இல்ல.”

“சார், என்னை அனுப்பிருவாங்களா?” என்று கேட்டார். மகளுடைய கணக்குத்தாள் நினைவுக்கு வந்தது. அதிலும் ஒரு படிதான் விட்டுப்போயிருந்தது.

ஜனவரி 7, செவ்வாய்

கல்ஃபானிடம் போனேன். இம்முறை உட்காராமலே பேசினேன். உட்கார்ந்தால் குரல் இறங்கிவிடும் என்று பயம்.

“நீங்கள் தவறாக இருக்கலாம்” என்று அவர் தொடங்கினார்.

“இருக்கலாம். ஆனால் நேற்று நானே பார்த்தேன். வாதியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்து பாருங்கள். சொட்டுத் தண்ணீர் இல்லையென்றால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.”

மதியம் நான்கு பேர் உருளைகளோடு போனார்கள். எண்பது லிட்டர் வடிந்தது. கறுப்பாக, இரும்புத் துருவோடு. குழாயின் அடிச்சுவரை ஒலிக்கருவியால் அளந்தார்கள். பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதரை. ஒரே குளிர்காலத்துக்குள்.

கல்ஃபான் அந்த எண்ணைக் கேட்டதும் தொலைபேசியைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயை நிறுத்தச் சொன்னார். கூடாரத்தை நகர்த்தச் சொன்னார். காவா ஊற்ற மறந்துவிட்டார்.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: ‘எந்த வால்வை முழுக்கத் திறக்க வேண்டும் என்று செய்முறைத் தாள் சொல்லவில்லை. சோதனை ஊழியர் தாளில் உள்ளதை விடாமல் செய்திருக்கிறார். ஒரு அளவைக் கொண்டு இன்னொரு அளவுகருவியைத் திருத்தியதே பிழையை மறைத்தது.’ மூன்று முறை படித்துப் பார்த்தேன். மூன்று வாக்கியமும் உண்மை. புதிய தாளை நைனாவும் நானும் சேர்ந்து எழுதுவதாகச் சேர்த்தேன்.

ஜனவரி 9, வியாழன்

உமையாளை நானே கூப்பிட்டேன். அவள் பயந்துவிட்டாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று.

“குமரேசனுக்கு எங்கிட்ட பேச இஷ்டமில்லன்னு சொன்னியே. அவன் உங்கிட்ட சொன்னானா?”

“எங்கிட்ட எதுக்குச் சொல்லுகான்? மாதேவன் அண்ணாச்சிதான் சொன்னாரு.”

மாதேவனைக் கூப்பிட்டேன்.

“அவன் வாயால ஒண்ணும் சொல்லல்ல அத்தான். பதினாறு அன்னைக்கு அவன் மொகம் அப்பிடி இருந்துது. நாமதானே பாத்தோம்.”

“அதுக்குப் பொறவு நீ கேட்டியா?”

“இல்ல அத்தான். நீங்களும் கேக்கல்லயே.”

ஜனவரி 10, வெள்ளி

ஸ்வெட்டர் துவைத்தேன். காயவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

காய்ச்சும் வெப்பம் மறுபடி 204. காலை அளவை நைனா எடுத்தார். முன் வால்வை முழுக்க, தானே திறந்தார். நான் பக்கத்தில் நின்றேன், தொடவில்லை. மைனஸ் 11. அவரே மூன்று முறை எடுத்தார். ஈரமானியை வேறு ஊரிலிருந்து வந்த கருவியால் திருத்துகிறார்கள். வாதியில் குழாயின் ஒரு துண்டை மாற்றும்வரை குழாய் மூடியிருக்கும்; அதுவரை குறைந்த அளவு வாயு கோபுரம் வழியாக எரிகோபுரத்துக்குப் போகிறது.

இன்று பொங்கல். நைனா சமையல்காரரிடம் வெல்லம் இல்லாமல் சர்க்கரையில் பொங்கல் ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். “வாயில வைக்க வெளங்காது சார், ஆனா பொங்குச்சு. நான் பாத்தேன்.” இரண்டு கரண்டி சாப்பிட்டேன்.

மாலை 4.05க்கு ஓசூர் எண்ணை அழைத்தேன். இரண்டு முறை அடித்தது. வைத்துவிட்டேன்.

ஜனவரி 15, புதன்

நேற்று இதை எழுதி மூடிய பிறகு ஐந்து நிமிடத்தில் நடந்தது. உடனே எழுத முடியவில்லை.

குமரேசன் திரும்ப அழைத்தான்.

“ரெண்டு ரிங்ல வச்சிட்டீங்களே?”

“கை தவறிட்டு மக்கா.”

“பதினாலு மாசமாவா?”

நான் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. பின்னால் ஏதோ குக்கர் சத்தம் கேட்டது. இரண்டு விசில்வரை எண்ணினேன்.

“நீதான் பேச இஷ்டமில்லன்னு…” என்று தொடங்கினேன்.

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல்ல. நானா எடுத்துக்கிட்டேன்.”

“எனக்கு அப்பவும் கோவம். இப்பவும் கோவம்” என்றான். “கோவமா இருக்கேன்னு சொல்லக்கூட நீங்க கூப்பிடல்லயேப்பா.”

அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தைப் பதினான்கு மாதமாகப் பல வடிவங்களில் தயாரித்து வைத்திருந்தேன். வந்தது அவற்றில் எதுவும் இல்லை. அவன் அழுதானா என்பது எனக்குத் தெரியாது. தொலைபேசியை விலக்கிப் பிடித்துக்கொண்டான்.

பிறகு வீடியோவில் வரச் சொன்னான். வந்தேன்.

“தாடி வளத்திருக்கீங்கன்னு மாமா சொன்னாரு?”

“எடுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“ஒரு இடத்துக்கு உள்ள போகவேண்டியிருந்தது” என்றேன்.

பிப்ரவரியில் திருச்செந்தூருக்கு ஒரு உறையைக் கொண்டுபோக வேண்டும், கூட வருகிறாயா என்று கேட்டேன். உறையில் என்ன என்றான். நேரில் காட்டுகிறேன் என்றேன். விடுப்புக் கிடைக்குமா என்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னான். வருவதாகச் சொல்லவில்லை. அதைச் சரியாக எழுதி வைக்கிறேன்.

பேசியது 19 நிமிடம். காலை 8 டிகிரி. பனிநிலை மைனஸ் 11.5. சவரம் செய்தேன்.